ஐந்து பல்லக்குகளின் இரவு: ஜொகூர் பாரு சிங்கே பார்க்கப் போகிறவர்களுக்கு

சீனப் புத்தாண்டு முடிந்து ஊர் மறுபடி வேலைக்குத் திரும்பிவிடும். ஜொகூர் பாருவுக்கு மட்டும் இன்னொரு திருநாள் பாக்கி இருக்கும். சீன நாட்காட்டியின் முதல் மாதம் 21-ஆம் நாள் சாயங்காலம், நகர மையத்து வீதிகளில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். கடைவாசல்களில் பிளாஸ்டிக் நாற்காலிகள் முளைக்கும். பாட்டிமார் ஊதுவத்திக் கட்டோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொள்வார்கள். இருட்டியதும் தூரத்தில் முரசு கேட்கும். அதற்குப் பிறகு நள்ளிரவு தாண்டியும் ஐந்து தெய்வங்கள் பல்லக்கில் ஊரைச் சுற்றிவரும். கூடவே சிங்க நடனம், டிராகன் நடனம், விளக்கு அலங்கார வண்டிகள், பள்ளி வாத்தியக் குழுக்கள், லட்சக்கணக்கில் மக்கள்.

இதுதான் ஜொகூர் பாரு சிங்கே. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் இதே பெயரில் ஊர்வலம் உண்டு. மூன்றையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் குழம்பிப்போகிறார்கள். சிங்கப்பூரில் 1972-இல் பட்டாசுக்குத் தடை வந்தது. புத்தாண்டு களையிழந்துவிடக் கூடாதென்று 1973-இல் தொடங்கப்பட்டது அந்த ஊர் சிங்கே. அரசு ஆதரவோடு, எல்லா இனத்தாரும் பங்கெடுக்கும் மேடைக் கலைவிழா அது. நம்மவர்களின் மயிலாட்டமும் பரதமும் அதில் உண்டு. பினாங்கில் பிரம்மாண்டமான கொடிக்கம்பத்தை நெற்றியிலும் தோளிலும் தாங்கிக் காட்டும் வித்தை. அங்கே அது 1919 முதல் நடக்கிறது. ஜொகூர் பாருவில் நடப்பது கோயில் உற்சவம். சாமி புறப்பாடு என்று சொன்னால் தமிழருக்குச் சட்டென்று விளங்கிவிடும். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது, எப்போது ஒதுங்குவது என்பதெல்லாம் தானாகவே பிடிபடும்.

புறப்பாடு நடக்கும் கோயில் ஜாலான் துருஸில் இருக்கிறது. ஜொகூர் பழைய கோயில் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். உயர்ந்த கட்டடங்கள் சூழ்ந்துகொண்டதால் முதல்முறை போகிறவர் கண்ணுக்குத் தப்பிவிடும் அளவுக்குச் சிறியது. உள்ளே இருக்கும் பழைய பொருட்களில் 1870-ஆம் ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. அதைக் கட்டியவர் பெயர் தான் ஹியோக் நீ. சீனாவின் சாவ்சோவ் பகுதியிலிருந்து வந்து, துணி மூட்டை சுமந்து விற்றுத் தொழில் தொடங்கியவர். பிறகு ஜொகூரின் கம்பீர், மிளகுத் தோட்டங்களுக்கு அதிபதியானார். சீனர்களுக்கான அதிகாரியாகவும் ஜொகூர் அரசர் அவரை நியமித்தார். சிங்கப்பூரில் அவர் கட்டிய மாளிகை இன்றும் தேசிய நினைவுச் சின்னமாக நிற்கிறது. ஜொகூர் பாருவில் அவர் பெயரைத் தாங்கிய தெருவில் இப்போது காபிக் கடைகள் நிறைந்திருக்கின்றன.

கம்பீரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது இல்லாமல் இந்த ஊர்வலம் இல்லை. கம்பீர் ஒரு கொடிச்செடி. இலையைப் பறித்துப் பெரிய கொப்பரையில் கொதிக்கவைத்து, சாற்றைச் சுண்டக் காய்ச்சிக் கட்டியாக எடுப்பார்கள். வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டிக்கு இதுவும் ஒரு வகை. ஐரோப்பாவின் தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்கும் சாயப் பட்டறைகளுக்கும் இதுதான் போயிற்று. கொதித்த இலைச் சக்கை மிளகுக் கொடிக்கு உரமானதால் இரண்டையும் சேர்த்தே பயிரிட்டார்கள். ஆனால் கம்பீர் மண்ணை உறிஞ்சிவிடும். காய்ச்சுவதற்கு விறகும் ஓயாமல் வேண்டும். சில ஆண்டுகளில் நிலம் செத்து, சுற்றுக்காடும் தீர்ந்துபோகும். உடனே அடுத்த காட்டுக்கு நகர வேண்டும். சிங்கப்பூரில் காடு தீரத் தீர, சீனத் தோட்டக்காரர்கள் நீரிணையைக் கடந்து ஜொகூருக்கு வந்தார்கள்.

ஜொகூரில் அவர்களை வரவேற்றது மலாய் அரச குடும்பம். ஓர் ஆற்றங்கரையைத் திறந்து பயிரிட ஒரு தலைவருக்கு எழுத்துமூலம் உரிமை கொடுத்தார்கள். அந்தத் தலைவருக்குக் காங்சூ என்று பெயர். ஆள் கொண்டுவருவது, காட்டை அழிப்பது, வரி வசூலிப்பது, சண்டை தீர்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. முதல் உரிமைகள் 1844-இல் கொடுக்கப்பட்டன. 1917-இல் இந்த முறை ஒழிக்கப்பட்டது. இந்தக் காங்சூக்களுக்குப் பின்னால் இருந்த அமைப்பு ஙீ ஹெங். சிங்கப்பூரிலும் மலாக்கா நீரிணை ஊர்களிலும் இப்படிப்பட்ட சீனச் சங்கங்கள் பல இருந்தன, ஒன்றோடொன்று வெட்டிக்கொண்டன. 1854-இல் சிங்கப்பூரில் ஹொக்கியன், தியோச்சியூ என்ற இரண்டு சீன மொழிக் கூட்டத்தாருக்கு இடையே மூண்ட கலவரத்தில் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். அந்த வினை ஜொகூருக்கு வேண்டாமென்று ஆட்சியாளர் அபு பக்கார் ஙீ ஹெங் ஒன்றை மட்டும் அங்கீகரித்தார். எந்தச் சீனக் குழுவாக இருந்தாலும் அதற்குள்தான் இருக்க வேண்டும்.

ஒரே சங்கம் என்றால் கோயிலும் ஒன்றுதான். ஆனால் தியோச்சியூ, ஹொக்கியன், ஹக்கா, கான்டனீஸ், ஹைனானியர் என்று ஐந்து மொழிக் கூட்டத்தார், ஆளுக்கொரு குலதெய்வம். வேறு ஊர்களில் ஐந்து கோயில் எழும்பியிருக்கும். இங்கே ஐந்து தெய்வங்களை ஒரே கூரையின் கீழ் வைத்தார்கள். ஙீ ஹெங் கலைந்த பின் 1922-இல் தொடங்கப்பட்ட சீனர் சங்கம் கோயிலை ஏற்றுக்கொண்டது. இன்றைக்கும் நிர்வாகம் அதன் கையில்தான். சிங்கேயில் இன்னின்ன பல்லக்கை இன்னின்னார்தான் தூக்குவார்கள் என்ற பங்கீடு இந்த ஏற்பாட்டிலிருந்து வந்தது.

தெய்வங்களை அடையாளம் தெரிந்துகொண்டு போனால் பார்ப்பதில் ருசி கூடும். பிரதான தெய்வம் தியோச்சியூக்களின் யுவான் தியான் சாங் தி. வடதிசைக்கு அதிபதி. காலடியில் ஆமையும் பாம்பும் இருக்கும், கையில் வாள். கான்டனீஸ் மக்களின் ஹுவா குவாங் தா தி நெற்றிக்கண் உடையவர். சீன நாடகக் கலைஞர்களுக்கும் அவர்தான் காவல். ஹக்காக்களின் கான் தியான் தா தி நோய் தீர்ப்பவர் என்பது நம்பிக்கை. ஹைனானியரின் சாவ் தா யுவான் சுவாய் கறுப்புப் புலியில் ஏறிவரும் படைத்தலைவர், செல்வம் தருபவர்.

ஹொக்கியன்களின் ஹோங் சியன் தா தி பற்றித் தனியே சொல்லத் தோன்றுகிறது. மற்ற நால்வரும் சீனாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். இவர் ஜொகூர், சிங்கப்பூர்த் தோட்டக்காடுகளிலேயே கும்பிடப்பட்டு வளர்ந்த தெய்வம். கம்பீர்த் தோட்டத் தொழிலாளிகளுக்கு அன்றைய பெரிய பயம் புலி. விடியலில் இலை பறிக்கப் போனவன் திரும்பாமல் போவது சாதாரணம். புலியை அடக்கிக் காலடியில் வைத்திருக்கும் சாமி ஒருவர் தேவைப்பட்டார். நம் எல்லைக் காவல் தெய்வங்களை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜொகூரின் சிற்றூர்களில் இன்றும் இவருக்குக் கோயில்கள் உண்டு. புலி போய்விட்டது, கம்பீரும் போய்விட்டது. சாமி மட்டும் ஆண்டுக்கொரு முறை நகர வீதியில் வருகிறார்.

விழா ஒரே இரவில் முடிவதில்லை. ஐந்து நாள் ஒழுங்கு ஒன்று இருக்கிறது. முதல் மாதம் 18-ஆம் நாள் விளக்கேற்றம். 19-ஆம் நாள் வீதி கழுவுதல்: சாமி போகப்போகும் வழியைச் சடங்காகத் துப்புரவு செய்துவருவார்கள். 20-ஆம் நாள் பகலில் ஐந்து தெய்வங்களும் கோயிலை விட்டுப் புறப்பட்டு, ஜாலான் ஊலு ஆயர் மோலெக்கில் இருக்கும் சிங் குங் என்ற தங்கல் மண்டபத்துக்குப் போய்ச் சேரும். அங்கே சாமிகள் தங்கும்போது சீன நாடகம் நடக்கும். ஊர் மக்கள் இரவு பகலாக வந்து கும்பிடுவார்கள். 21-ஆம் நாள் இரவில்தான் பெரிய ஊர்வலம். 22-ஆம் நாள் பகலில் தெய்வங்கள் கோயிலுக்குத் திரும்பும்.

வெளியூர்க்காரர்கள் 21-ஆம் நாள் இரவுக்கு மட்டும் வந்து, மறுநாள் விடியுமுன் கிளம்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் 20-ஆம் நாளின் புறப்பாட்டை விட்டுவிடக் கூடாது. கூட்டம் குறைவு, வெளிச்சம் நிறைவு. பல்லக்குகள் அந்தச் சின்னக் கோயிலின் வாசலைத் தாண்டி வெளியே வருவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். எந்த உடையில் எந்தக் குழுவினர், எந்தப் பல்லக்கு யாருடையது என்பதைப் பகலிலேயே மனத்தில் பதித்துக்கொண்டால் இரவில் புகைக்கும் நெரிசலுக்கும் நடுவே தடுமாற வேண்டாம்.

இனி அந்த இரவுக்கு வருவோம்.

முதலில் வருவது அலங்கார வண்டிகளும் குழுக்களும்தான். அவைதான் நேரத்தைத் தின்னும். விளக்கு வண்டிகளில் சில அழகு, சில வெறும் விளம்பரப் பலகை. இந்தப் பகுதியில் தவறவிடக் கூடாதது இருபத்துநான்கு பருவ முரசு. 24 பெரிய முரசுகள். ஒவ்வொன்றின் மேலும் சீன ஆண்டின் 24 சூரியப் பருவங்களில் ஒன்றின் பெயர் தூரிகை எழுத்தில் இருக்கும். பழங்காலத்துக் கலை என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். உண்மையில் 1988-இல் இதே ஜொகூர் பாருவில் பிறந்தது. கவிஞர் தான் சாய் புவானும் இசையாசிரியர் தான் ஃபூய் சோங்கும் சேர்ந்து உருவாக்கினார்கள். முதல் குழு ஃபூன் யூ உயர்நிலைப் பள்ளி மாணவர்களுடையது. இன்று பல நாடுகளில் இதற்குக் குழுக்கள் இருக்கின்றன. கம்பை மேலே வீசி, முட்டி மடக்கி, ஒருவர் முரசை இன்னொருவர் மாற்றி அடித்துப் பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள் ஆடும்போது சாலையே அதிரும்.

ஜாலான் உங்கு புவான் பக்கம் பூக்கட்டும் ஓர் அக்காவிடம் கேட்டேன்: "அக்கா, சாமி இந்தப் பக்கம் எத்தனை மணிக்கு வரும்?" அவர் சரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "மணியெல்லாம் கேக்காதீங்க தம்பி. வரும்போது வரும்லா. மொதல்ல போய்ச் சாப்பிட்டு வாங்க." ஊர்வலத்துக்கு அதைவிட நல்ல கால அட்டவணையை நான் பார்த்ததில்லை. மாலை ஆறேழு மணிக்குத் தங்கல் மண்டபத்தில் கிளம்பினாலும், நகர மையத்தில் நிற்பவருக்குப் பல்லக்கு கண்ணில் படப் பல மணி நேரம் ஆகும்.

பல்லக்கு வந்துவிட்டது என்பதைக் கூட்டமே சொல்லிவிடும். அதுவரை கைப்பேசியில் இருந்தவர்கள் எழுந்து நிற்பார்கள். ஊதுவத்தி பற்றும். "ஹெங் ஆ! ஹுவாட் ஆ!" என்ற கூச்சல் தெருமுனையிலிருந்து அலையாகக் கிளம்பும். இன்னும் செழிப்போம், இன்னும் பெருகுவோம் என்று வாழ்த்தும் கூவல் அது. தூக்குகிறவர்கள் நேரே நடந்து போகமாட்டார்கள். சட்டென்று நின்று, கால்களை அகட்டி ஊன்றி, பல்லக்கை இரண்டு பக்கமும் குலுக்குவார்கள். மரம் கிறீச்சிடும். குஞ்சங்கள் தறிகெட்டுச் சுழலும். உள்ளே சாமி இருக்கிறாரா என்று பார்ப்பவர் பதறுவார். ஆட்டம் பலமாக இருந்தால் அருளும் பலமாக இருக்கும் என்பது கணக்கு. தோள் கன்றிப்போனவர் விலகிக்கொள்வார். பக்கத்தில் ஓடி வருகிறவர் அதே நொடியில் கம்புக்குத் தோள் கொடுப்பார். பல்லக்கு தரை தொடாது. இந்த ஆள் மாற்றத்தைக் கவனித்துப் பாருங்கள்: எழுபது வயதுக்காரரின் இடத்தில் கல்லூரிப் பையன் நுழைவான், யாரும் யாரையும் கூப்பிட்டதாகத் தெரியாது.

கடைசியில் வருவது யுவான் தியான் சாங் தி. பிரதான தெய்வம் என்பதால் அந்த இடம். தியோச்சியூக்கள் அந்தக் காலத்தில் ஜொகூர் பாருவில் எவ்வளவு பேர் இருந்தார்களென்றால், சீனாவின் சுவாத்தோவ் துறைமுகப் பெயரை வைத்து இந்த ஊரைச் சின்ன சுவாத்தோவ் என்றே அழைத்திருக்கிறார்கள். அந்தச் சாமி கடந்து போகும்வரை பாட்டிமார் நாற்காலியை மடக்குவதில்லை. நீங்களும் மடக்க வேண்டாம்.

கரீபியன் தீவுகளின் கோடைக் கார்னிவலைப் படங்களில் பார்த்துவிட்டு, அதைப் போன்ற ஒன்று பக்கத்தில் கிடைக்குமா என்று கேட்கிறவர்கள் இப்போது உண்டு. ஒப்பிடத்தான் வேண்டும், ஆனால் ஒப்புமை எங்கே முடிகிறது என்றும் தெரிந்திருக்க வேண்டும். ஆன்டிகுவாவிலும் பார்படாஸிலும் கிரெனடாவிலும் ஆகஸ்ட்டில் நடக்கும் திருவிழாக்களுக்கு வேர் கரும்புத் தோட்டம். பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறை ஒழிப்பு 1834 ஆகஸ்ட் 1-இல் நடைமுறைக்கு வந்தது. ஆன்டிகுவா கார்னிவல் அந்த நாளை ஒட்டியே நடக்கிறது. பார்படாஸின் கிராப் ஓவர், கரும்பு வெட்டு முடிந்த கொண்டாட்டமாக இருந்து மறைந்து, 1974-இல் உயிர் பெற்றது. கிரெனடாவில் விடியற்காலத்தில் கறுப்பு எண்ணெயை உடம்பெல்லாம் பூசி, தலையில் கொம்பும் கையில் சங்கிலியுமாக ஆடிவருவார்கள். அடிமைப்படுத்தியவர்கள் தங்களைப் பேய் என்றதற்கு அது பதில். அங்கே கரும்பு, இங்கே கம்பீரும் மிளகும். பயிர் எதுவானாலும், கப்பலில் வந்து இறங்கி அடுத்தவன் சந்தைக்காக உழைத்துத் தேய்ந்தவர்கள், ஆண்டில் ஒரு நாள் தெருவைத் தங்களுடையதாக்கிக்கொண்டது இரண்டு இடத்திலும் பொது. கரும்புக்காக நம்மவர்களும் அந்தக் கடல் தாண்டினார்கள். 1854 கடைசியில் குவாதலூப்பில் இறங்கிய முதல் கப்பலில் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே இன்றும் மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள்.

வேறுபாடு பார்வையாளரின் இடத்தில்தான். கரீபியன் கார்னிவலில் வெளிநாட்டுக்காரர் ஒரு குழுவில் பணம் கட்டினால் உடை, சிறகு, சாப்பாடு, பானம் எல்லாம் கிடைக்கும். அந்தக் குழுவோடு தெருவில் ஆடிக்கொண்டே போகலாம். பயணி அங்கே பங்காளி. அந்த வருமானத்தை நம்பித்தான் பல குழுக்கள் நடக்கின்றன. ஜொகூர் பாருவில் பல்லக்குக் கம்பைத் தொட எந்தக் கட்டணமும் கிடையாது; கட்டினாலும் விடமாட்டார்கள். அது மொழிக் கூட்டத்தாரின் சங்கத்துக்கும் அங்கே ஆண்டாண்டாகப் பழகியவர்களுக்கும் உரியது. அதே சமயம் சீட்டும் கிடையாது, வேலியும் கிடையாது. தெருவோரம் யார் வேண்டுமானாலும் நிற்கலாம். ஊதுவத்தி நீட்டினால் வாங்கிக் கும்பிடலாம், மறுத்தாலும் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். ஆடவேண்டும், கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்துவிட வேண்டும் என்று ஏங்குகிறவர் கிரெனடாவுக்குப் போவதே சரி. ஓர் ஊர் தன்னுடைய பழைய உடன்படிக்கையை எப்படிக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்று பார்க்க ஆசைப்படுகிறவருக்கு இது.

உடன்படிக்கை என்று சொன்னதால் அதில் சச்சரவே இல்லை என்று ஆகிவிடாது. சாலை அடைப்பு, வழித்தடம், குப்பை, இரவெல்லாம் சத்தம் என்று முணுமுணுப்பும் உண்டு. கொரோனாக் காலத்தில் 2021-இல் ஊர்வலம் நடக்கவில்லை. ஆனால் 2012-இல் மலேசிய அரசு இதைத் தேசியப் பாரம்பரியமாக அறிவித்திருக்கிறது. ஜொகூர் அரச குடும்பத்தினர் வந்து மேடையில் உட்கார்ந்து பார்த்த ஆண்டுகளும் உண்டு. பிரமுகர் மேடைக்கு எதிரில் நிற்பது சுகம் என்று நினைத்துப் போகாதீர்கள். எல்லாக் குழுவும் அங்கே நின்று ஆடிக்காட்டும் என்பது உண்மை. அதனாலேயே நெரிசலும் அங்கேதான். படம் பிடிக்க வருகிறவர்கள் பலரும் ஏணியோடு வந்து இடம் பிடித்திருப்பார்கள்.

நிற்க நல்ல இடம் சாலை வளையும் முனைகள். வளைவில் பல்லக்கைத் திருப்பச் சற்று நேரம் பிடிக்கும். அப்போது குலுக்கலும் அதிகம். ஜாலான் வோங் ஆ ஃபூக்கின் கடைத்திண்ணைகளும் பரவாயில்லை: மழை வந்தால் தலைக்கு மேல் கூரை இருக்கும். ஜொகூர் பாருவில் மழை எந்த மாதமும் வரும், பிப்ரவரிக்கும் மார்ச்சுக்கும் விலக்கில்லை. குடை விரித்தால் பின்னால் நிற்பவர் திட்டுவார், ஆகவே மழைச்சட்டை கொண்டு போகலாம். ஊதுவத்திப் புகை மணிக்கணக்கில் சூழும். இழுப்பு உள்ளவர்கள் முகக்கவசமும் மருந்தும் இல்லாமல் போகவேண்டாம். கைக்குழந்தையோடு வருகிறவர்கள் முரசுக்கு எட்டவே நிற்பது நல்லது. பல்லக்குக்கு முன்னால் குறுக்கே ஓடிப் படம் எடுப்பதை மட்டும் தூக்குகிறவர்கள் பொறுத்துக்கொள்ளமாட்டார்கள். அத்தனை பாரத்தோடு ஆடிவருகிறவர்களால் உங்களுக்காகச் சட்டென்று நிற்கவும் முடியாது.

பகல் பொழுதை வீணாக்காமல் கோயிலைச் சுற்றி நடந்து பாருங்கள். நடக்கும் தூரத்திலேயே ஜாலான் உங்கு புவானில் ராஜமாரியம்மன் கோயில். கூத்தப்பெருமாள் வாண்டையார் 1911-இல் தொடங்கியது. இடம் கொடுத்தது ஜொகூர் சுல்தான். பக்கத்திலேயே சீக்கியர் குருத்வாராவும் இந்திய முஸ்லிம்களின் பள்ளிவாசலும் இருக்கின்றன. சீனருக்கு ஒரே கோயில் என்று ஏற்பாடு செய்த அதே அரச குடும்பம்தான் தமிழருக்கும் நிலம் தந்தது. ஜொகூரில் தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை உண்டு. சீனப் புத்தாண்டு எப்போது விழுகிறது என்பதைப் பொறுத்துச் சில ஆண்டுகளில் தைப்பூசமும் சிங்கேயும் சில வார இடைவெளியில் வரும். காவடி பார்த்த அதே மாதத்தில் பல்லக்கும் பார்க்க வாய்த்தால், இரண்டு கூட்டத்திலும் அதே முகங்கள் தட்டுப்படும். ஜாலான் தெப்ராவ் பக்கம் இருக்கும் ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலை எல்லா வழிகாட்டிப் புத்தகங்களும் சொல்லிவிடுகின்றன, நான் சொல்ல வேண்டியதில்லை.

சாப்பாடு ஒரு பெரிய விஷயம், சுருக்கமாகச் சொல்கிறேன். ஜாலான் தான் ஹியோக் நீயில் ஹியாப் ஜூ ரொட்டிக்கடை. விறகடுப்பில் சுட்ட வாழைப்பழக் கேக்குக்கு வரிசை நிற்கும். ஜாலான் தோபியில் சலாஹுதீன் ரொட்டிக்கடை; அதுவும் விறகடுப்புதான், கறி பொரியல் அடைத்த பன் நன்றாக இருக்கும். ஜாலான் துருஸில் 1946 முதல் நடக்கும் ஹுவா முய்யில் ஹைனானியர் காபியும் கோழிச் சாப்ஸும். மீன்தலைக் கறிக்கு ஜாலான் வோங் ஆ ஃபூக்கின் காம் லோங். சைவம் வேண்டுவோர் ராஜமாரியம்மன் கோயில் பக்கம் போனால் வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும். ஒரு விஷயம் கவனம்: வரும் ஆண்டுகளில் சிங்கே ரமலான் மாதத்துக்குள் விழுகிறது. மலாய்க் கடைகளிலும் மாமாக் எனப்படும் இந்திய முஸ்லிம் கடைகளிலும் பல பகலில் மூடியிருக்கும். நோன்பு திறக்கும் நேரத்தில் உட்கார இடம் இருக்காது. ஊர்வலம் கிளம்புவதும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான். ஆகவே நான்கு, ஐந்து மணிக்கே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

நாள் கணக்கு எளிது. சீனப் புத்தாண்டு நாளோடு 20 நாளைக் கூட்டினால் ஊர்வல இரவு. புத்தாண்டு 2026-இல் பிப்ரவரி 17, ஆகவே ஊர்வலம் மார்ச் 9. 2027-இல் ஊர்வலம் பிப்ரவரி 26, வெள்ளிக்கிழமை. 2028-இல் பிப்ரவரி 15, செவ்வாய்க்கிழமை. ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றும் வழக்கம் கிடையாது. சாமிக்கு உரிய நாள் அது. ஜொகூரின் வாரவிடுமுறை 2025 ஜனவரி முதல் மறுபடி சனி, ஞாயிறு ஆகியிருப்பதால், வெள்ளி இரவு ஊர்வலமென்றால் மறுநாள் ஊருக்கே ஓய்வு. 2027-இல் கூட்டம் வழக்கத்தைவிடக் கூடும் என்று எதிர்பார்க்கலாம்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு மலேசியாவில் 2023 டிசம்பர் முதல் விசா இல்லாமல் 30 நாள் தங்கும் சலுகை நடைமுறையில் இருக்கிறது. இது காலவரையறை உள்ள சலுகை. டிக்கெட் எடுக்கும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டியது கட்டாயம். கோலாலம்பூரில் இறங்கி லார்க்கின் சென்ட்ரலுக்குப் பேருந்து பிடிக்கலாம், அல்லது செனாய்க்கு உள்நாட்டு விமானம். சிங்கப்பூர் வழியாக வருவதென்றால் அந்த நாட்டுக்குத் தனி விசா வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு ஒரு வார்த்தை. அன்று இரவே திரும்பிவிடலாம் என்று வராதீர்கள். நகர மையத்துச் சாலைகள் அடைபட்டிருக்கும், கிராப் வண்டிகள் உள்ளே வரமாட்டா, கடற்பாலம் நோக்கிய நெரிசல் சாதாரண நாளிலேயே மணிக்கணக்கில் நீளும். எந்த வழியாக நடந்தாலும் பல்லக்கை முந்தப் பார்க்கும் கூட்டம் எதிரே வரும். நகர மையத்தில் நடந்தே போகும் தூரத்தில் அறை எடுத்துக்கொள்ளுங்கள். அதையும் புத்தாண்டுக்கு முன்பே எடுத்துவிடுங்கள், பிறகு கிடைக்காது.